மேட்டுத் தெரு விமானம்

மேட்டுத் தெருவில் நிழல்கள் இல்லாமல் போனதை முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் இல்லை, சொர்ணத்தாயின் ஏழு கோழிகள். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, பணகுடிக்கு மேற்கே வரிசைகட்டி நிற்கிற காற்றாலைகளையெல்லாம் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அந்தக் கோழிகள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் படுக்கப் போய், அங்கே நிழல் இல்லாததால் எழுந்து மதில் ஓரமாகப் போய், அங்கேயும் இல்லாததால் மாவு மில்லின் தகரக் கூரைக்குக் கீழே போய், கூரைக்குக் கீழேயும் வெயில் தாராளமாக விழுந்து கிடந்ததால், கடைசியில் தெரு நடுவே கூடி நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சொர்ணத்தாய் வெளியே வந்து கோழிகளைப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள், கையை ஆட்டிப் பார்த்தாள். தரையில் ஒன்றும் ஆடவில்லை. அவள் கத்தவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஏ வயலா, உம் பெட்டியில என்னத்தையோ அமுக்கிட்டியாட்டி?”

உள்ளேயிருந்து வயலாவின் குரல் வந்தது. “ஆமா மதினி, நிழலுக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல டிக்கை எடுத்தேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல. கோழி படுக்க இடமில்லாம நிக்கு. வேல முடிஞ்சதும் போட்டு விட்டுரு.”

சொர்ணத்தாய் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வயலா கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறவள். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் கண்ணை மூடினாலும், அந்தச் செய்தி அவள் வீட்டுப் பெட்டியில் எழுத்தாகி நாகர்கோவில் அச்சகத்துக்குப் போய்த் திரும்பி வரும். ஒருமுறை பொன்னுதுரை அண்ணாச்சியின் மகள் கல்யாணத்துக்கு ஆவணி பத்து என்பதை அவள் பதினேழு என்று அடித்துவிட்டாள். ஐந்நூறு பத்திரிகையும் ஊர் முழுக்கப் போன பிறகுதான் தெரிந்தது. மாவு மில் வைத்திருக்கிற, தெருவில் எந்தப் பஞ்சாயத்து நடந்தாலும் கூப்பிடாமலே தலைவராகிவிடுகிற பொன்னுதுரை, ஒரு நாள் முழுக்க யோசித்து, “பெட்டி சொல்லிட்டுல்லா, பதினேழே இருக்கட்டும்” என்று மண்டபத்தை மாற்றிப் போட்டார். பத்தாம் தேதி பெய்த மழையில் பழைய மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நடப்பது வெளியேயும் நடக்கும் என்பதில் மேட்டுத் தெருவில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

பெட்டி ஒன்றும் பெரிய பெட்டி இல்லை. வயலாவின் வீட்டுக்காரன் ஆசீர், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து சாக்கில் கட்டித் தூக்கிவந்தது. அதன் நினைவகம் ஒரே ஒரு ஜி.பி.தான். சி.பி.யு.வின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக ஓடவிட்டால்தான் சூடாகி மயங்கி விழாமல் வேலை செய்யும். ஆசீருக்குச் சின்ன வயதிலிருந்தே விமானம் ஓட்டுகிற கிறுக்கு. எங்கேயோ ஒரு விமான சிமுலேட்டர் சி.டி.யைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஏற்றினான். விமானம் பறக்கவில்லை. ஒரு படம் வரும், பெட்டி மூச்சு வாங்கும், அடுத்த படம் வரும், மறுபடியும் மூச்சு வாங்கும். “பறக்குதுட்டி, மெதுவாப் பறக்குது” என்று அவன் குழந்தை மாதிரி குதித்தான். பிறகு ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனி வேலைக்கு நிஜ விமானத்தில் ஏறிப் போனான். அதிலும் நடுச் சீட்டு. ஜன்னல் ஓரத்து மனிதர் திரையை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டாராம். வயலாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். கெசியாள் பிறந்து, கவிழ்ந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது தெருவையே அதட்டுகிறாள். ஆசீர் லீவு கேட்கிற போதெல்லாம் கம்பெனி மேனேஜர் அடுத்த மாதம் என்பான். பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில் இருந்தது. அதனால் கெசியாளுக்கு அப்பா என்றால் போன்தான். போனைச் சார்ஜில் போட்டால் “அப்பா தூங்குது” என்பாள். அப்பாவுக்கு ஊட்டுகிறேன் என்று சார்ஜர் ஓட்டையில் பருப்புச் சோற்றைத் திணித்து இரண்டு போனைக் கொன்றிருக்கிறாள். வயலா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். போன வாரம் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைக் காட்டி, “இது யாரு தங்கம்?” என்று கேட்டாள். “மாமா” என்றாள் கெசியாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் பிள்ளை மனசில் இது இறுகிவிடும், அதற்குள் ஆசீர் வந்து அவளைத் தூக்கியே ஆகவேண்டும் என்று வயலாவுக்கு உள்ளே தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அதோடு வள்ளியூர் மெக்கானிக் வேறு பெட்டியின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, போர்டுல கண்டன்சர் நாலும் உப்பிட்டு. இது ஓடுததே பெருசு. ஒருதடவ அணைஞ்சா பெறவு எழும்பாது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சரி, பெட்டி சாவதற்குள் ஒருதடவையாவது அவர் ஆசைப்பட்ட விமானம் ஒழுங்காகப் பறக்கட்டும் என்றுதான் வயலா அந்த வெள்ளிக்கிழமை சிமுலேட்டரைத் திறந்து, ஆசீரைப் போனில் பிடித்தாள். எங்கேயிருந்து கிளம்ப என்று பெட்டி கேட்டதற்கு, வரைபடத்தை இழுத்து இழுத்து, தெருவுக்குப் பின்னால் வறண்டு கிடக்கிற குளத்தின் மேலேயே அம்பை வைத்தாள். “செட்டிங்ஸ்ல போ” என்றான் ஆசீர். “பெட்டிக்குச் சக்தி காணாது. எதெல்லாம் இல்லாமப் பறக்க முடியுமோ அதையெல்லாம் எடு. மொதல்ல நிழலை எடு.”

அப்படித்தான் நிழல் போயிற்று. விநாடிக்கு ஒரு படம் இரண்டு படமானது. பதினொரு மணிக்கு வயலா மேகத்தை எடுத்தாள். மலையில் முட்டிக்கொண்டு நின்ற சாரல் மேகமெல்லாம் துடைத்த மாதிரி போயிற்று. பதினொன்றரைக்கு மரத்தை எடுத்தாள். தெருவில் வேம்பும் புளியும் போயின, ஆனால் காய்க்குத் தனிக் கட்டம் இல்லாததால் முருங்கைக்காய்கள் மட்டும் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் தொங்கின. மாலையும் இரவும் வந்தால் விளக்குகளை வரைய பெட்டி திணறும் என்று ஆசீர் சொன்னதால், நேரத்தை உச்சிப் பொழுதில் நிறுத்தி வைத்தாள். இடி விழுந்தாலும் நொறுங்காத விமானம் வேண்டுமா என்று பெட்டி கேட்டது, வேண்டும் என்றாள். தீராத எரிபொருள் வேண்டுமா என்று கேட்டது, அதையும் வேண்டும் என்றாள். கடைசியாகக் காற்று. அந்தக் கட்டத்தில் அவள் கை வைக்கப் போகும்போது, ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த பொன்னுதுரை கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயி, காத்தை மட்டும் தொடாத. காத்தாடி நின்னா கரண்டு நிக்கும், கரண்டு நின்னா உம் பெட்டியும் நிக்கும்.”

அப்போதுதான் ஈ.பி. வயர்மேன் இசக்கிமுத்து வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, குளத்துக்குள் ஒரு விமானம் நிற்கிறது என்றான். வெள்ளை விமானம், இரண்டே சீட்டு, ஆள் இல்லை, மூக்கில் காற்றாடி. ஆடுகள் அதன் டயரில் முதுகைச் சொறிந்துகொள்கின்றன. வயலா கீபோர்டில் அம்புக் குறியை அழுத்தினாள். குளத்தில் விமானம் இரண்டடி நகர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் இரண்டடி நகர்ந்தது. கரையில் நின்றிருந்த மொத்தத் தெருவும் ஓ என்று கத்தியது.

“ஏங்க,” என்றாள் வயலா போனில். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “பெட்டியில ஷார்ஜா இருக்குங்க. லிஸ்ட்ல இருக்கு. இங்க இருந்தே ஓட்டிக்கிட்டு வாறேன்.”

“ஜன்னல் சீட்டுதான?” என்று கேட்டான் ஆசீர்.

செய்தி பரவிய வேகத்தில் யாரும் அதிசயப்பட நேரமே கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ அதையே மேட்டுத் தெரு செய்தது. பார்சல் கட்டியது. யாருடைய மகன், யாருடைய மருமகன், யாருடைய கொழுந்தன் அங்கே இருக்கிறான் என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியைக் கட்டி, கயிறு போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் பெரிதாகப் பேரும் அறை நம்பரும் எழுதி, “ஒண்ணுமில்ல, கொஞ்சம்தான், கையில வச்சுக்கிட்டாலே போதும்” என்று சொல்லி விமானத்துக்குள் வைத்துவிட்டுப் போனது. பதினோரு பெட்டிகள். சொர்ணத்தாய் தன் மகன் செல்லப்பாவுக்கு வைத்தது மட்டும் இரண்டு பேர் தூக்குகிற கனம். அவள் மகன் ஆசீரின் கம்பெனியில்தான் வேலை, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவான், அந்த ஒரு போனுக்காகவே அவள் நான்கரையிலிருந்து வேறு வேலை பார்ப்பதில்லை.

விமானம் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடியது. எழும்பவில்லை. திரும்பி ஓடியது. எழும்பவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புகை வாசனை வந்தது. “எவ்வளவு கனம் ஏத்திருக்கு?” என்று போனில் கேட்ட ஆசீர், பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “விமானத்துல கனம் கூடினா கம்ப்யூட்டர் பெட்டி திணறும்ட்டி. இறக்கு, இறக்கு.” ஆனால் யாருடையதை இறக்குவது? கரையில் சண்டை மூண்டது. இருபது வருஷத்துப் பழைய வரப்புத் தகராறுகூட அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பொன்னுதுரைதான் ஒரு அரிவாளால் பெட்டிகளின் கயிற்றை வரிசையாக அறுத்துப் பார்த்தார். பதினோரு பெட்டியிலும் அதே மாங்காய் ஊறுகாய், அதே கருப்பட்டி, அதே முறுக்கு, அதே மூட்டுவலித் தைலம். கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு சொர்ணத்தாய் சிரிக்க ஆரம்பித்தாள், அதோடு கரையே சிரித்தது. ஒரு பாட்டில் ஊறுகாய், ஒரு சிப்பம் கருப்பட்டி, ஒரு டின் முறுக்கு என்று ஒரே பெட்டியாகக் கட்டி, அதன் நாலு பக்கமும் பதினோரு பேரையும் நெருக்கி எழுதினார்கள்.

இந்தத் தடவை விமானம் ஆடிக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, கரை முடிவதற்கு ஒரு முழம் இருக்கும்போது மேலே போயிற்று. அது பறந்ததை இன்றைக்கும் பணகுடியில் நடித்துக் காட்டுவார்கள். ஆகாயத்தில் ஓர் இடத்தில் அப்படியே நிற்கும், பிறகு சட்டென்று இருபதடி தள்ளி நிற்கும், மறுபடியும் அசையாமல் நிற்கும். காற்றாலைகளுக்கு மேலே அது தத்தித் தத்திப் போக, கீழே ஜனம் ஒவ்வொரு தத்தலுக்கும் ஒரு குரல் கொடுத்தது. கெசியாள் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்து அதற்கு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் வேகத்துக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நான்கு நாளும் மேட்டுத் தெருவில் உச்சிவெயில்தான். கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றியது. ஜனம் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கி, மணி பார்த்து எழுந்து, மணி பார்த்து ஜெபம் பண்ணி, மணி பார்த்துச் சண்டை போட்டது. பம்ப் செட் முக்கைத் தாண்டி நாலு அடி வைத்தால் வழக்கமான பொழுது, வழக்கமான நிழல். அதனால் அடுத்த தெருப் பெண்களெல்லாம் வத்தலும் வடகமும் கொண்டுவந்து இங்கே காயப்போட்டு, எடுத்துக்கொண்டு போனார்கள். தீராத எரிபொருள் என்ற கட்டத்தின் மகிமையால் யார் வீட்டு கேஸ் சிலிண்டரும் தீரவில்லை, எந்த பைக்கும் பெட்ரோல் கேட்கவில்லை, பொன்னுதுரையின் மில் டீசல் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. நொறுங்காத கட்டத்தின் மகிமையால் எவர்சில்வர் குடம் மாடியிலிருந்து விழுந்து ஒரு நெளிசல் இல்லாமல் எழுந்தது. இசக்கிமுத்துவும் கரண்டு கம்பத்திலிருந்து விழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறினான். மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து குளத்தில் டயர் தடத்தைப் பார்த்து, தெருவில் மரமில்லாமல் தொங்குகிற முருங்கைக்காயைப் பார்த்து, நோட்டை எடுத்து, “குளத்தில் ஆக்கிரமிப்பு, தற்காலிகம்” என்று எழுதிக்கொண்டு, இரண்டு முருங்கைக்காயையும் பறித்துக்கொண்டு போனார்.

வயலா தூங்குகிற நேரத்தில் தெரு முறை வைத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டது. அதுவரை அந்த வீட்டில் பத்திரிகைக்கு எழுத்துப் பிழை பார்க்க மட்டும் வந்த பெண்கள், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்பு நேராக இருக்கிறதா, கடல் கீழே இருக்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தார்கள். சொர்ணத்தாய் விமானத்தைக் கோழி மாதிரி “போ, போ” என்று விரட்டினாள். அது அவளுக்குக் கட்டுப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவள் முறையில்தான் அதிகத் தூரம் போயிற்று. பொன்னுதுரை தன் மில்லின் பெரிய ஃபேனையும் கொண்டுவந்து பெட்டியின் வயிற்றுக்கு நேராக வைத்தார். கரண்டு போகாமல் பார்த்துக்கொள்ள இசக்கிமுத்துவுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

ஷார்ஜாவில் ஆசீர் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கேம்ப்பிலிருந்து வெளியே நடந்தான். மணல் மேட்டுக்குப் பின்னால் வெள்ளை விமானம் தத்தித் தத்தி இறங்கி, மூச்சு வாங்கி நின்றது. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. பாஸ்போர்ட் கேட்கவும் யாரும் இல்லை. ஆசீர் ஜன்னல் ஓரமாக ஏறி உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தான்.

“ஏட்டி, ஸ்டியரிங் தானாத் திரும்புது. நீயா?”

“நாந்தான். பெல்ட்டைப் போடுங்க,” என்றாள் வயலா. சொல்லிவிட்டுக் கீபோர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். அந்த அழுகையில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி விமானம் இரண்டு சுற்றுச் சுற்றியது. “நேரா ஓட்டு பிள்ள, தல சுத்துது” என்று ஆசீர் அங்கே கெக்கலி கொட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் ஒன்றை அவன் சொல்லவில்லை. ஊருக்கு ஒருவன் கிளம்புகிறான் என்று தெரிந்தால் இந்த ஊர் செய்வதைத்தானே அந்த கேம்ப்பும் செய்யும்? அவர்களுக்கும் ரகசியமாக விஷயம் தெரிந்து, கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், போர்வை மூட்டைகள், பால் பவுடர் டின்கள், தொலைபேசிகள், பொம்மைகள் என்று, “ஒண்ணுமில்ல, கொஞ்சம்தான்” என்று முந்தின இரவே அந்த மணல் மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் அடுக்கியிருந்தார்கள். ஓட்டுகிற சீட்டு காலிதானே என்று அதிலும் மூன்று பெட்டி. நான்காம் நாள், கடிகாரத்தில் சாயங்காலம் நாலு நாற்பதுக்கு, இன்னும் அரைமணி நேரத்தில் கரை தெரியவேண்டிய சமயத்தில், கம்ப்யூட்டர் பெட்டி திணறத் தொடங்கியது. விநாடிக்கு இரண்டு படம் ஒன்றானது. ஒன்று, பாதியானது. ஒவ்வொரு படத்திலும் கடல் கொஞ்சம் கிட்டே வந்தது.

“ஏங்க, எவ்வளவு ஏத்திருக்கிய? உண்மையச் சொல்லுங்க!”

“எப்படிட்டி வேண்டாம்னு சொல்ல?” போனில் காற்று இரைந்தது. “கதவத் தொறந்துட்டேன். ஒண்ணைக் கையில வச்சிருக்கேன். தள்ளிரட்டா?”

“யார் பேரு போட்டிருக்கு?” என்று பொன்னுதுரை கத்தினார்.

“உடன்குடி. ஏதோ ரோஸ்மேரின்னு எழுதிருக்கு. அடுத்தது திசையன்விளை. அதுக்கு அடுத்தது... செல்லப்பா, அம்மாவுக்குன்னு.”

அறையில் இருந்த அத்தனை பேரும் சொர்ணத்தாயைப் பார்த்தார்கள். எறியச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. முகம் தெரியாத ரோஸ்மேரியின் பெட்டிகூட அந்தக் கணத்தில் தங்கள் வீட்டுப் பெட்டியாகத்தான் இருந்தது. வருஷக்கணக்கில் யாரோ வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டியது. அதைக் கடலில் தள்ளிவிட்டு வந்து இறங்குகிற மனுஷனை எந்த முகத்தோடு வரவேற்பது? வயலா செட்டிங்ஸைத் திறந்தாள். தொடக்கூடாத காற்றையும், நொறுங்காததையும், தீராததையும் விட்டால் கட்டங்கள் எல்லாம் காலி. கடைசியில் ஒன்றே ஒன்றில் மட்டும் டிக் இருந்தது. சத்தம்.

“அத எடுத்தா தெருவுல ஒரு சத்தமும் கேக்காது,” என்றாள் வயலா. “போனும் கேக்காது. அவர் என்ன சொல்லுதாருன்னு தெரியாமத்தான் இறக்கணும்.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு சொர்ணத்தாயைப் பார்த்தாள். நாலு நாற்பத்து நாலு.

செல்லப்பாவின் போன் வர இன்னும் பதினாறு நிமிஷம் இருந்தது. சொர்ணத்தாய் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஒருதடவை பார்த்துவிட்டு, மறுபடியும் செருகிக்கொண்டாள். “எடுட்டி,” என்றாள். “நாளைக்கிப் பேசிக்கிடுதேன்.”

வயலா அழுத்தினாள்.

மில்லின் இரைச்சல் நின்றது. ஃபேன்களின் இரைச்சல் நின்றது. மேற்கே அத்தனை காற்றாலைகளும் ஓசையில்லாமல் சுற்றின. பொன்னுதுரை வாயைத் திறந்து திறந்து மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பெட்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அசைந்து, விநாடிக்கு ஒரு படம், இரண்டு, பிறகு மூன்று என்று ஓட, கடல் கீழே போயிற்று. ஜனம் சத்தமில்லாமல் கைதட்டியது. சத்தமில்லாமலே குளத்தங்கரைக்கு ஓடியது. வயலா மட்டும் நாற்காலியில் இருந்தாள். இறக்க வழி சொல்லிக் கொடுக்க ஆசீரின் குரல் இல்லை, இஞ்சின் ஓசை இல்லை, தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுகூடக் காதுக்குள் கேட்கவில்லை. விரலில் மட்டும் தெரிந்தது. திரையில் காற்றாலை வரிசை வந்தது, ஒன்றின் இறக்கைக்கும் அடுத்ததன் இறக்கைக்கும் நடுவே ஒரு படம், அதைத் தாண்டி ஒரு படம், குளத்தின் வெடித்த மண் ஒரு படம். டயர் தரையைத் தொட்டது. புழுதி எழுந்தது, விழாமல் நின்றது, பிறகு விழுந்தது.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரைமேல் ஆசீர் ஏறி வந்துகொண்டிருந்தான், தோளில் ஒரு பெட்டி, கையில் ஒரு பெட்டி. அந்தத் தெருவுக்குள் நிழலே இல்லாமல் நடந்து வந்த அவன் போனில் தெரிந்ததைவிட ஒல்லியாக, கருப்பாக, காதோரம் நரைத்து இருந்தான். ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. வாசலில் கெசியாள் போனை மார்போடு அணைத்து நின்றாள். ஆசீர் பெட்டிகளை இறக்கிவிட்டு மண்டிபோட்டு, இரண்டு கையையும் நீட்டினான். அவன் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கெசியாள் ஓரடி பின்னால் போய் அம்மாவைத் தேடினாள்.

வயலா சத்தத்தின் கட்டத்தில் டிக் போட்டுப் பார்த்தாள், திரை உறைந்து நின்றது. அணைத்தால்தான் எல்லாம் திரும்பும், ஆனால் அணைத்தால் பெட்டி மறுபடி எழும்பாது என்று அவளுக்குத் தெரியும். அவள் அடித்த அத்தனை பத்திரிகையும், அத்தனை அஞ்சலியும் அதற்குள்தான். அவள் ஒருதடவை அதன் சூடான முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சுவிட்சைத் தட்டினாள்.

நாலு நாள் காத்திருந்த பொழுது ஒரே மூச்சில் வந்து இறங்கியது. உச்சிச் சூரியன் மேற்கே சரிந்து விழ, வேம்பும் புளியும் எழும்பி நிற்க, நிழல்கள் நீளநீளமாகக் கிழக்கே ஓடி ஒவ்வொருவர் காலிலும் வந்து ஒட்டிக்கொண்டன. குளத்தில் விமானம் இல்லை. பெட்டிகள் மட்டும் மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்றாலைகளின் இரைச்சல் வந்தது, மில் வந்தது, கோழிகள் வந்தன, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற பேச்சு வந்தது. சொர்ணத்தாயின் இடுப்பில் போன் அடித்தது. “எத்தன தடவ அடிக்கேன், எடுக்க மாட்டியா?” என்று செல்லப்பா கோபப்பட, “பெட்டி வந்துட்டு மக்கா, உம் பெட்டி வந்துட்டு” என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“பாப்பா,” என்றான் ஆசீர்.

கெசியாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா? போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, “இது எங்க அப்பா” என்று அறிமுகம் செய்து வைத்தாள்.

வயலா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கப் போனாள். ஆசீர் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவன் எழுந்து, புதிதாக முளைத்து நின்ற வேப்பமரத்துக்குப் பக்கத்தில் போய், முதுகைக் காட்டி நின்று, தன் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினான். கெசியாளின் கையில் போன் சிணுங்கியது. அவள் பழகின கையால் பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தாள்.

“பாப்பா, சாப்டியா?”

அந்தக் குரல் போனிலிருந்து வந்தது. வேப்பமரத்துப் பக்கமிருந்தும் வந்தது. கெசியாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள்.

“அப்பா பறந்து வந்தேன் பாப்பா. ஜன்னல் சீட்டுல.”

மறுபடியும் இரண்டு பக்கமிருந்தும். அவள் நடந்தாள். நாலடி வைத்து நின்று போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தாள், மறுபடியும் நாலடி வைத்தாள். மரத்தைச் சுற்றிப் போய் அவனுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவன் உதடு அசைவதும் குரல் வருவதும் ஒரே நேரத்தில், ஒரு படம்கூட விடாமல், நடந்துகொண்டிருந்தது. அவள் விரலை நீட்டி அந்த உதட்டைத் தொட்டாள்.

பிறகு சிவப்பைத் தொட்டுப் போனை அணைத்துக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கினாள்.